மணிக்கு முந்தின கோல்

இந்த எடத்துக்கு ஆள் வருமா தம்பி? வராதுல்ல? அப்பம் கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. பைய மடியில வச்சிக்கிடுதேன், உங்களுக்கு இடிக்காது. உள்ள ஒரு பொன்னாடை இருக்கு, அவ்வளவுதான். கலியாண வீட்டுலருந்து வாரேன்னு நெனைக்கீங்களா? இல்ல. புட்பால் ஆட்டம் பாத்துட்டு வாரேன். வெளியூருக்கு ஆட்டம் பாக்கப் போனவன் கல்லெறி வாங்கிட்டு வந்திருக்கான், செருப்பத் தொலச்சிட்டு வந்திருக்கான். பொன்னாடை வாங்கிட்டு வந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

நமக்குப் புன்னைத்துறை. பேரு இஞ்ஞாசி. லாஞ்சியில டிரைவரா இருந்தேன். இப்பம் கண்ணு சரியில்லன்னு கரையில நிக்கேன். கண்ணு சரியில்லன்னா கடல்லதான் தம்பி. மைதானத்துல ஈ பறந்தாலும் எனக்குத் தெரியும்.

எங்க ஊரு டீமு மாவட்ட லீக்குல பி டிவிஷன். பேப்பர்ல ஒரு மூலையில கூடப் போட மாட்டான். போடாட்டி போறான். எந்த ஊருல ஆட்டம்னாலும் வேன் பிடிச்சிப் போயிருவோம். கொட்டு, கொடி, பழைய சங்கு ஒண்ணு, அப்புறம் என் தொண்டை. வேன் ஏற்பாடெல்லாம் கயத்தான்னு ஒருத்தன். அவன் சொல்லுவான், "இஞ்ஞாசி அண்ணன் வந்தா நமக்குப் பன்னெண்டு பேரு"ன்னு. சும்மா சொல்லல. நான் கத்துன கத்துல பெனால்டிய வெளிய அடிச்சவனெல்லாம் இருக்கான்.

என் மக ஜெனோவாவும் என்கூட வந்தவதான். ஒரே பிள்ள. சின்னதுல தோள்ல வச்சித் தூக்கிட்டுப் போவேன். ரெண்டு வெரல நாக்குக்கடியில வச்சி விசிலடிக்க நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரி தலையில அடிச்சிக்கிடுவா, பொம்பளப் பிள்ளைக்கு இதையா சொல்லிக் குடுப்பாவன்னு. ஜெனோவா விசிலடிச்சா லைன்மேன் கொடியத் தூக்கிருவான், அப்படி ஒரு சத்தம்.

அவள வெள்ளமுனையில கெட்டிக் குடுத்து ரெண்டு வருசம் ஆவுது. மாப்பிள கப்பல்ல இருக்காரு. நல்ல குடும்பம். சம்மந்தி தொம்மை பர்னாந்து, அந்த ஊரு டீமுக்குத் தலைவரு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நாங்க நகையப் பத்தியா பேசுனோம்? எந்த வருசம் யாரு யார ஜெயிச்சதுன்னுல்லா பேசுனோம். மரியாதையான மனுசன். ஒரு வார்த்த கொறவாப் பேச மாட்டாரு. என்ன, பிள்ளைய மட்டும் அனுப்ப மாட்டாரு. எங்க ஊர்த் திருவிழாவுக்கு அவ இன்னும் ஒரு தடவை கூட வரல. முதல் வருசம் கேட்டேன், மாப்பிளைக்கு லீவுன்னாவ. போன வருசம் கேட்டேன், சம்மந்தியம்மாவுக்குக் காலு வீக்கம்னாவ. எல்லாம் நியாயந்தான். நாம என்ன சொல்ல முடியும்? பொண்ணக் குடுத்தாச்சில்லா.

இந்த வருசம் செவ்வாக்கிழமை கொடியேத்தம். போன வாரம் பிள்ள போன் போட்டா. மெதுவாத்தான் பேசுனா, பக்கத்துல ஆள் இருந்திருக்கும். "எப்பா, போன்ல கேட்டா இவிய ஏதாச்சும் சொல்லிருவாவ. ஞாயித்துக்கிழமை இங்கதான ஆட்டம்? வருவீங்கல்லா, ஆட்டம் முடிஞ்சதும் மாமாகிட்ட நேர்ல கேளுங்க. கையோட வந்துருதேன். எனக்கு ஒரு பத்து நாளாச்சும் அங்க வந்து இருக்கணும்ப்பா"ன்னா. சரின்னேன். அப்புறம் ஒண்ணு சொன்னா. "மைதானத்துல கத்திராதீங்க. எல்லாரும் உங்களத்தான் பாப்பாவ. ஆட்டம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

இன்னைக்குத்தான் பாருங்க, கத்தியே தீர வேண்டிய ஆட்டம். பட்டியல்ல நாங்களும் வெள்ளமுனையும்தான் அடியில கெடக்கோம். ஒருத்தன் சி டிவிஷனுக்கு எறங்கணும். டிரா ஆனா நாங்க எறங்கணும். நாங்க ஜெயிச்சா அவிய எறங்கணும். இதுல நான் வாய மூடிட்டு இருக்கணும்.

வெள்ளமுனை கிரவுண்ட நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஒரு பக்கம் கோயிலு, ஒரு பக்கம் கடலு. பந்து கடலுக்குப் போயிரக் கூடாதுன்னு பழைய வலைய வரிசையாக் கட்டித் தொங்க விட்டிருப்பாவ. இருந்தாலும் போவும். போனா ஒருத்தன் வள்ளத்தத் தள்ளிட்டுப் போயி எடுத்துட்டு வரணும். அதுவரைக்கும் ரெஃப்ரி இடுப்புல கைய வச்சிட்டு நிக்கணும். கோலுக்குப் பின்னால சம்மந்தி வீடு, மாடி வீடு. அந்த ஊருல பொம்பளைங்க மைதானத்துக்குள்ள வர மாட்டாவ. மாடியில நின்னு பாப்பாவ.

இன்னொண்ணும் இருக்கு. அந்த கிரவுண்டுக்குன்னு ஒரு சட்டம். சாயந்தரம் கோயில்ல செப மணி அடிச்சா ஆட்டம் நின்னுரும். பந்து எங்க உருண்டாலும் உருளட்டும்னு விட்டுட்டு, ஆடுறவன் பாக்குறவன் எல்லாரும் நெத்தியில சிலுவ போட்டுட்டுத் தலையக் குனிஞ்சி நிக்கணும். செபம் முடிஞ்சதும் ரெஃப்ரி விசிலடிப்பாரு, விட்ட எடத்துலருந்து தொடங்கணும். எங்க ஊருலயும் மணி அடிக்கத்தான் செய்யும். நாங்க அதுக்கு முன்னாலேயே ஆட்டத்த முடிச்சிருவோம், எதுக்கு வம்புன்னு.

வேனுல போயி எறங்குனா, வாசல்ல சம்மந்தி நிக்காரு, கையில பொன்னாடையோட. "வாங்க சம்மந்தி"ன்னு அத்தன பேரு முன்னால கெட்டிப் பிடிச்சி, போத்தி விட்டு, கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போறாரு. எங்க ஆளுவ கொட்டத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போறானுவ, நான் இந்தப் பக்கம் போறேன். கொண்டு போயி எங்க உக்கார வச்சாருங்கீங்க? வெள்ளமுனைக் கொடிக் கம்பத்துக்கு நேர் கீழ, வெல்வெட்டு போட்ட நாற்காலியில. ரெண்டு டீமு பயலுவளுக்கும் கை குடுக்கச் சொன்னாரு, குடுத்தேன். எங்க டீமு கிளாட்வின் என் கையப் பிடிச்சிட்டு, "மாமா, இதென்ன கோலம்?"னான். முதல் பந்தையும் நானே ஒதைக்கணும்னாரு. ஒதச்சேன். செருப்பு பந்தோட சேந்து போயிருச்சி. எல்லாரும் கைதட்டுனாவ.

மாடியப் பாத்தேன். ஜெனோவா நின்னா. மெலிஞ்சிருந்தா. பச்சச் சேல. கைய ஆட்டல, லேசாத் தலைய மட்டும் ஆட்டுனா.

ஆட்டத்தப் பத்தி என்னத்தச் சொல்ல. நம்ம பயலுவ இன்னைக்கு ஆடுன மாதிரி என்னைக்கும் ஆடுனதில்ல. கிளாட்வின உள்ள வச்சிக் கால வாரி விட்டானுவ. வெட்ட வெளிச்சமான பெனால்டி. ரெஃப்ரி வெளியூரு ஆளு, எங்கயோ மேக்க உள்ளவரு, பாக்கல. நான் கத்த வாயத் தொறந்துட்டேன். அந்த நேரம் பாத்துச் சம்மந்தி, "கலர் சோடா குடிங்க சம்மந்தி"ங்காரு. குடிச்சேன். வேற வழி? ஒரு தடவை அவிய பய ஒருத்தன் நல்லா ஒரு பந்து போட்டான், சம்மந்தி சந்தோசத்துல என் தொடையில தட்டுனாரு. நானும் கைதட்டுனேன். அந்தப் பக்கத்துலருந்து எங்க ஆளுவ பாக்கானுவ. நான் தட்டுனத எல்லாரும் பாக்கானுவ.

ஹாஃப் டைம்ல கயத்தான் சுத்தி வந்தான். "என்ன அண்ணே, வாயில கொழுக்கட்டையா?"ன்னான். சம்மந்தி பக்கத்துல இருக்காரு. "தொண்ட கெட்டியிருக்குல"ன்னேன். அவன் பொன்னாடைய மேலயும் கீழயும் பாத்துட்டுப் போயிட்டான். அவனுக்கென்ன, அவனுக்கு ரெண்டும் ஆம்பளப் பயலுவ.

ரெண்டாவது பாதியில பந்து ஓயாம கடலுக்குப் போவுது. அவியளுக்கு டிரா போதும்லா, வேணும்னே அடிக்கானுவ. வள்ளம் போவுது, வருது. பொழுது சாயுது. எங்க பக்கம் கொட்டுச் சத்தம் கொறஞ்சிட்டே போவுது. நான் இருந்தா அப்படிக் கொறைய விட மாட்டேன். நான் இங்கன உக்காந்துக்கிட்டு, மாதாவே மாதாவேன்னு மனசுக்குள்ள கத்திட்டு இருக்கேன். மனசுக்குள்ள கத்துனா பந்துக்குக் கேக்குமா?

கடைசியில கிளாட்வின் எடது பக்கத்துலருந்து ஒருத்தன வெட்டி உள்ள வந்தான். இன்னொருத்தனையும் வெட்டுனான். நான் நாற்காலிக் கைய இறுக்கிப் பிடிச்சிருக்கேன். அடிச்சான் பாருங்க, எடது காலால. பந்து போவுது. போயிட்டு இருக்கும்போது, டங்குன்னு மணி.

கோயில் மணி தம்பி! அந்த உபதேசியாரு நேரம் பாத்துத்தான் அடிச்சாரா, ஆட்டத்தப் பாத்துத்தான் அடிச்சாரான்னு நான் கேக்கல. கோயில் காரியத்துல சந்தேகப்படக் கூடாது. ஆனா அவிய கோல்கீப்பர் என்ன செஞ்சான் தெரியுமா? பந்துக்குத் தூக்குன கைய அப்படியே நெத்திக்குக் கொண்டு போயிட்டான். சிலுவ போடுதான்! பழக்கம்லா, சின்னப் பிள்ளையிலருந்து அந்த மணிக்குக் கை தானாப் போகும். பந்து அவன் காதுப் பக்கமா உள்ள போயி வலையில விழுந்துருச்சி.

அடிச்ச கிளாட்வினும் சிலுவ போட்டுட்டுத் தலையக் குனிஞ்சி நிக்கான். எங்க ஆளுவளும் குனிஞ்சி நிக்கானுவ. கிரவுண்டு பூரா எந்திரிச்சிக் குனிஞ்சி நிக்கு. கோலு விழுந்திருக்கு, ஒரு சத்தம் இல்ல. அலைச் சத்தம் மட்டும் கேக்கு.

அப்பந்தான் மாடியிலருந்து, "கோ...ல்!"னு ஒரு கத்து. அதுக்கப்புறம் விசிலு. நான் சொல்லிக் குடுத்த விசிலு.

செபத்துல தம்பி. அத்தன ஊரும் குனிஞ்சி நிக்கும்போது.

நான் தலையத் தூக்கல. எப்படித் தூக்க? செபத்துல நிக்கும்போது தலையத் தூக்கலாமா, நீங்களே சொல்லுங்க. பக்கத்துல சம்மந்தி செபம் சொல்லுதாரு, நானும் சொல்லுதேன். அவரு கொஞ்சம் சத்தமாச் சொன்னாரு. நானும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். முடிஞ்சி நிமிந்து பாத்தா, சம்மந்தியம்மா அவ மணிக்கட்டப் பிடிச்சி உள்ள கூட்டிட்டுப் போறாவ. அவ திரும்பித் திரும்பிக் கிரவுண்டப் பாத்துட்டே போறா.

ரெஃப்ரிக்கு அந்த ஊருச் சட்டம் என்ன தெரியும்? கோலுன்னு நடுவுல கையக் காட்டிட்டாரு. அப்புறம் நடந்ததெல்லாம் கேக்காதீங்க. மணிக்கு முந்தியா பிந்தியான்னு ஒரே சண்ட. அத்தோட ஆட்டம் முடிஞ்சிது. நாங்க தப்பிச்சோம். அவிய சி டிவிஷன். எங்க ஆளுவ அடி விழுறதுக்கு முன்னால வேனுல ஏறுனானுவ. நான் வேலியாண்ட போயி, "ஏல கயத்தான், ஒரு நிமிசம் நில்லுல, பிள்ளையக் கூட்டிட்டு வந்துருதேன்"ன்னேன். அவன் சன்னல் வழியா, "கைதட்டுன எடத்துலேயே இரு வே"ன்னுட்டான். வே! அண்ணேன்னு கூப்புட்ட வாயால என்னைய! வேன் போயிருச்சி.

சம்மந்தி தோத்த கோவத்துல இருப்பாருன்னு பயந்துட்டுத்தான் போனேன். மனுசன் ஒண்ணும் காட்டல. "சாப்புட்டுட்டுத்தான் போவணும்"னு எல போடச் சொல்லிட்டாரு. சீலா மீன் கொழம்பு. ஜெனோவாதான் பரிமாறுனா. அழுத மொகம் மாதிரியும் இல்ல, அழாத மொகம் மாதிரியும் இல்ல. மாடியில நடந்ததப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல.

சம்மந்தி சொன்னாரு, "லீக்குல முறையிடப் போறோம் சம்மந்தி. மணி அடிச்சப்புறம் விழுந்தத கோலுன்னு எடுத்துக்கிட்டா அது ஆண்டவருக்கே அடுக்காது. நீங்க கிட்ட இருந்து பாத்தவரு. அதுவும் புன்னைத்துறைக்காரரு. நீங்க சொல்லுங்க, மணிதான முந்தி?"

பிள்ள கொழம்பு ஊத்திட்டு நின்னவ, "பந்து கால விட்டுப் போனப்புறந்தான் மாமா மணி அடிச்சிது. மேல இருந்து நல்லாத் தெரிஞ்சிது"ன்னா.

சம்மந்தியம்மா அடுக்களைக்குள்ள இருந்து எட்டிப் பாத்தாவ. சம்மந்தி சிரிச்சாரு. "பிள்ளைக்கு ஆட்டம் தெரியுது. ஆனாலும் நீங்க சொன்னாத்தான் சரி"ன்னு என்னையப் பாக்காரு. அவளும் என்னையப் பாக்கா.

தம்பி, நான் அங்க எதுக்குப் போனேன்? பிள்ளையக் கூட்டிட்டு வரப் போனேன். கோலா பெருசு? ஒரு கோலு, அது லீக்கோட போயிரும். பிள்ள பத்து நாள் வீட்டுல வந்து இருப்பாளே. அத நெனச்சித்தான் சொன்னேன். "மணிதான் முந்தி சம்மந்தி. சந்தேகமே இல்ல"ன்னேன். சொன்ன கையோட கேட்டுப்புட்டேன். "செவ்வாக்கிழமை கொடியேத்தம், பிள்ளைய அனுப்புனீங்கன்னா..."

"இதுக்கென்ன சம்மந்தி, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. பத்து நாள் இருந்துட்டு வரட்டும்"னுட்டாரு! ரெண்டு வருசமாக் கெடைக்காதது, ஒரு வாய்ச் சொல்லுல கெடச்சிருச்சி. எனக்குச் சோறு எறங்கல, அவ்வளவு சந்தோசம்.

அவ சட்டியக் கீழ வச்சா. "நான் போகல மாமா"ன்னா.

"ஏம்மா?"ன்னு சம்மந்தியே கேட்டாரு.

"அத்தைக்குக் காலு வீக்கம்லா"ன்னா. சட்டிய எடுத்துட்டு உள்ள போயிட்டா.

எப்படி இருக்கு பாருங்க. அவளே கூப்புடுதா. அவளுக்காக ஆட்டம் பூரா வாயக் கெட்டி உக்காந்திருக்கேன், ஊருக்காரன்கிட்ட பேச்சு வாங்குதேன், சொல்லக் கூடாததச் சொல்லி உத்தரவு வாங்கிக் குடுக்கேன். கெடச்சத வேண்டாங்குதா. பொழைக்கத் தெரியாத பிள்ள தம்பி. அவ ஆத்தா மாதிரி வீம்பு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாவ. இங்க சாமியும் குடுத்தாச்சி, பூசாரியும் குடுத்தாச்சி, வாங்கிக்கிட ஆளில்ல.

வாசல் வரைக்கும் வந்தா. நான் பொன்னாடைய மறந்து வச்சிட்டேன்னு, மடிச்சிப் பையில போட்டுக் கொண்டு வந்தா. "ஏட்டி, இப்பங்கூட ஒண்ணும் கெட்டுப் போகல, சேலைய மாத்திட்டு வா. உங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்ல?"ன்னேன்.

"எப்பா, கிளாட்வின் அடிச்சத நீங்க பாத்தீங்கல்லா?"ன்னா.

"பாத்தேன்."

"மணிக்கு முந்தித்தான?"

"முந்தித்தான்ட்டி. அது எனக்குத் தெரியாதா? மெதுவாப் பேசு, உள்ள கேக்கும்"னேன்.

அவ பைய என் கையில குடுத்தா. அப்புறம், "பஸ்ஸுக்கு நேரமாச்சி, போயிட்டு வாங்க"ன்னுட்டுக் கதவச் சாத்திட்டா. நல்லாத்தான் சாத்துனா, டமார்னு ஒண்ணும் சாத்தல. கோவம்னா ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்லா? சின்னதுல நல்லாத் திட்டுவா. தோத்துட்டு வந்தா, "நீங்க சரியாக் கத்தலப்பா, அதான்"னு வீடு வர வரைக்கும் திட்டிட்டே வருவா.

நான் என்ன செஞ்சிருக்கணும்ங்கீங்க? பொண்ணப் பெத்தவனுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரி ரெண்டு மட்டம் போன் போட்டுட்டா. "பஸ்ஸு ஏறியாச்சா, பிள்ளைக்குச் சன்னல் சீட்டு கெடச்சிதா"ன்னு கேக்கா. சிக்னல் சரியில்லன்னு வச்சிட்டேன். பொய்யில்ல, இந்த ரோட்டுல சிக்னல் கெடையாது. கொஞ்சம் கெடைக்கும்.

வெடிச் சத்தம் கேக்குதா? அது எங்க ஊருதான். ஜெயிச்சதுக்குப் போடுதானுவ. கயத்தான் இந்நேரம் எல்லாத்தையும் சொல்லியிருப்பான், கலர் குடிச்சது, கைதட்டுனது. சாப்பாட்டுல நான் சொன்னது இன்னும் தெரியாது. சம்மந்தி முறையிட்டா நாளைக்கு அதுவும் தெரிஞ்சிரும்.

அந்தா, லைட்டுக் கம்பம் தெரியுதுல்லா, அதான் எங்க ஸ்டாப்பு. கீழ ஒரு பொம்பள நிக்கா பாருங்க, மஞ்சச் சேல. எங்க வீட்டுக்காரி. கோயிலுக்குக் கட்டுற சேலையக் கட்டிட்டு வந்து நிக்கா. ரெண்டு பேரு எறங்குவோம்னு நிக்கா.

கண்டக்டர் என்னையத்தான் கூப்புடுதாரு. கேக்கு, கேக்கு. தம்பி, நீங்க கொஞ்சம் சன்னல் பக்கமா நிமிந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம். உங்க தோளு மறைக்கட்டும். செருப்பு வாரு அந்துருச்சி, வேற ஒண்ணுமில்ல, குனிஞ்சி பாத்துக்கிடுதேன். அண்ணாச்சி, போலாம், போலாம், நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிடுதேன்!

எடுத்துட்டாரா? தாண்டிருச்சா தம்பி? நான் குனிஞ்சிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. அவ பஸ்ஸுக்குள்ள பாத்தாளா?